ஒரே ஒரு தெலுங்கு அரசவைப் படம் பார்ப்பதென்றால் எது?

என் அத்தைக்கு இந்தத் தை மாதம் 80 வயது நிறைகிறது. கல்யாணமாகி ராஜமுந்திரிக்குப் போனவர், முப்பது வருடத்துக்கு மேல் கோதாவரிக் கரையில் குடித்தனம் நடத்திவிட்டு, மாமா போன பிறகு சென்னைக்கே வந்துவிட்டார். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். புடவை வேண்டாம், ஹோட்டல் சாப்பாடு வேண்டாம் என்றவர், "எல்லாரும் என்கூட உட்கார்ந்து ஒரு பழைய தெலுங்குப் படம் பாருங்கடா. ராஜா ராணி படமா இருக்கணும். பாட்டு நல்லா இருக்கணும்" என்றார். எந்தப் படம் என்று சொல்லவில்லை. அதை என்னிடமே விட்டுவிட்டார்.

அன்று கூடப்போவது ஒன்பது பேர். அவர்களில் அத்தை ஒருவருக்குத்தான் தெலுங்கு தெரியும். என் மகளுக்குப் பதினொரு வயது, தங்கை மகனுக்குப் பதினாறு. ஒரே ஒரு மாலைப் பொழுது. தப்பான படத்தைப் போட்டால் அரை மணி நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள், கடைசியில் அத்தை மட்டும் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அது நடக்கக் கூடாது என்பதற்காகவே இரண்டு மாதமாகப் படம் பார்த்தேன்.

1950-களில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருடம் சென்னை ஸ்டூடியோக்களில் தெலுங்கு அரசவைப் படங்கள் வரிசையாக வந்தன. அவற்றில் காதலும் சங்கீதமும் சேர்ந்தவை என்று தேடி ஐந்தில் வந்து நின்றேன்: 'மல்லீஸ்வரி' (1951), 'அநார்கலி' (1955), 'சுவர்ண சுந்தரி' (1957), 'ஜெயபேரி' (1959), 'ஜகதேகவீருனி கதா' (1961). ஐந்தும் கறுப்பு வெள்ளை. ஐந்திலும் கண்டசாலாவின் குரல் உண்டு. வரிசையாகப் பார்த்தால் பத்து வருடத்தில் அந்தக் குரல் எப்படி முதிர்ந்தது என்பதே தனியாகக் கேட்க வேண்டிய விஷயம்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? எனக்கு மூன்று கேள்விகள் இருந்தன. பாட்டை எடுத்துவிட்டால் கதை நிற்குமா? நின்றுவிட்டால் அந்தப் பாட்டு வெறும் அலங்காரம். அரசவை கதைக்குள் ஏதாவது செய்கிறதா, இல்லை பின்னால் தொங்கும் திரைச்சீலையா? தெலுங்கு தெரியாத எட்டுப் பேருக்கு அந்தக் காதல் புரியுமா, அதாவது வலிக்குமா?

முதலில் 'ஜகதேகவீருனி கதா'. குழந்தைகளுக்காக மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். கே.வி. ரெட்டி இயக்கம், விஜயா தயாரிப்பு, என்.டி.ஆர்., பி. சரோஜாதேவி. இளவரசன் பிரதாபன் இந்திரன் மகள், நாகலோகத்துப் பெண் என்று நான்கு தேவலோகப் பெண்களைத் தேடிப் போய் மணக்கிறான். அவர்கள் மேல் கண் வைக்கும் ராஜா ஒருவன், அவனுக்குத் தூபம் போடும் மந்திரியாக சி.எஸ்.ஆர். ஒரு நிமிடம்கூட அலுக்காது.

இதில் ஒரு பாட்டுக்காகவே படத்தை நாலு தடவை பார்க்கலாம். 'சிவசங்கரி'. சாபத்தால் கல்லாகிப்போன கந்தர்வன் ஒருவன், பாட்டைக் கேட்டு உருக வேண்டும். பிரதாபன் சங்கிலியில் கட்டப்பட்டிருக்கிறான். தர்பாரி கானடாவில் மெதுவாக ஆரம்பிக்கிறார் கண்டசாலா. பாட்டு ஏற ஏற ஒரு என்.டி.ஆர். பாடுகிறார், இன்னொருவர் வீணை வாசிக்கிறார், இன்னொருவர் மிருதங்கம் என்று திரையில் ஐந்து என்.டி.ஆர்.! கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் மார்கஸ் பார்ட்லி தன் கேமராவுக்குள்ளேயே செய்த வேலை அது. தமிழில் 1944-லேயே 'ஜகதலப்ரதாபன்' படத்தில் பி.யு. சின்னப்பா இப்படி ஐந்து உருவில் வந்திருக்கிறார். அதனால் தமிழ் வீட்டில் பெரியவர்களுக்கு இது பழைய உறவைப் பார்த்த மாதிரியும் இருக்கும்.

ஆனால் என் மூன்றாவது கேள்வியில் படம் நிற்கவில்லை. நான்கு பெண்களை வரிசையாக மணக்கும் நாயகனிடம் காதலின் தவிப்பைத் தேட முடியாது. அது சாகசக் கதை. நல்ல சாகசக் கதை. அத்தை கேட்டது அது இல்லை.

'சுவர்ண சுந்தரி' விஷயம் வேறு. வேதாந்தம் ராகவய்யா இயக்கம். அஞ்சலிதேவியும் அவர் கணவர் ஆதிநாராயண ராவும் நடத்திய அஞ்சலி பிக்சர்ஸ் எடுத்தது. இசையும் ஆதிநாராயண ராவ்தான். இதன் தமிழ் உருவம் நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், 'மணாளனே மங்கையின் பாக்கியம்'. தெலுங்கில் ஏ.என்.ஆர். (அக்கினேனி நாகேஸ்வர ராவ்) நின்ற இடத்தில் தமிழில் ஜெமினி கணேசன். 'அழைக்காதே நினைக்காதே' பாட்டை ரேடியோவில் கேட்காத வீடு இருக்காது.

அந்தப் பாட்டின் சந்தர்ப்பத்தைப் படத்தில் பார்த்தபோதுதான் அது எவ்வளவு அழகான கற்பனை என்று எனக்கு உறைத்தது. அவள் தேவலோகத்துப் பெண். இவன் பூமியில் புல்லாங்குழல் ஊதினால் அவள் இறங்கி வருவாள். ஒருநாள் அவள் இந்திரசபையில் ஆடிக்கொண்டிருக்கும்போது குழல் கேட்கிறது. கால் ஆட்டத்தில் இருக்கிறது, மனசு கீழே போகத் துடிக்கிறது. இத்தனை பேர் பார்க்கும் சபையில் இப்போது கூப்பிடாதே ராஜா என்று ஆட்டத்துக்குள்ளேயே அவனிடம் கெஞ்சுகிறாள். சபைக்கு அது ஆட்டம். அவனுக்கு அது பதில். இந்த ஒரு பாட்டில் நான் கேட்ட மூன்றும் இருக்கின்றன. பாட்டை எடுத்தால் கதை இல்லை, அரசவைதான் தடை, மொழி தெரியாவிட்டாலும் தவிப்பு தெரிகிறது.

அப்புறம் 'ஹாயி ஹாயிகா ஆமனி சாகே'. சோஹினி, பஹார், ஜோன்புரி, யமன் என்று ராகம் மாறிக்கொண்டே போகும் அந்தப் பாட்டைத் தெலுங்கில் கண்டசாலாவும் ஜிக்கியும் பாடினார்கள். இந்தியில் அதே மெட்டை லதாவும் ரஃபியும் பாட, வடக்கில் இன்று வரை அது ஓய்ந்தபாடில்லை.

குறை என்ன? அந்த இரண்டு சிகரங்களுக்கும் நடுவே மந்திரப் பொருள்கள், சாபம், நகைச்சுவைக் கூட்டம் என்று நிறைய நடக்க வேண்டியிருக்கிறது. காதல் ஆரம்பித்த வேகத்தில் சாபக் கதைக்குள் போய்விடுகிறது. பாட்டு முடிந்ததும் குழந்தைகள் கைப்பேசியைத் தேடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. தமிழில் பார்க்க வசதியிருக்கிறதே என்றால், அத்தைக்குத் தெலுங்குதான் வேண்டும். கோதாவரிப் பக்கத்து மனுஷியான அஞ்சலிதேவியை (பெத்தாபுரத்துக்காரர் அவர்) அத்தை சொந்தக்காரியைப் போலப் பேசுவார். ஆகவே கொஞ்ச நாள் இதுதான் என் முடிவாக இருந்தது.

'அநார்கலி'யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதே அஞ்சலி பிக்சர்ஸ், அதே இயக்குநர், அதே இசையமைப்பாளர். ஏ.என்.ஆர். சலீம், எஸ்.வி. ரங்காராவ் அக்பர். கதை எல்லாருக்கும் தெரியும் என்பது இதற்குப் பெரிய பலம், சப்டைட்டிலே தேவைப்படாது. 'ராஜசேகரா' பாட்டில் ஜிக்கி குழைவதைக் கேட்டால், அவரைவிட நன்றாக அதை யாராலும் பாடியிருக்க முடியாது என்று சத்தியம் செய்யலாம். தமிழிலும் அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. 'ஜீவிதமே' பாட்டின் மெட்டு மட்டும் இந்தி 'அநார்கலி'யிலிருந்து வந்தது.

ரங்காராவ் அரியணையில் உட்கார்ந்தால் அது நிஜ அரியணை. மகனைப் பார்க்கும்போது அப்பாவாகவும், அந்தப் பெண்ணைப் பார்க்கும்போது பாதுஷாவாகவும் ஒரே முகத்தில் மாறுவார். ஆனாலும் ஒரு பெண்ணை உயிரோடு சமாதி கட்டும் கதையை எண்பதாவது பிறந்தநாளில் போட எனக்கு மனம் வரவில்லை. வேறொரு நாள் தனியாகப் பாருங்கள். கண்டிப்பாகப் பாருங்கள்.

'ஜெயபேரி'தான் என்னை ரொம்ப அலைக்கழித்தது. சங்கீதம் மட்டுமே அளவுகோல் என்றால் ஐந்தில் இதுவே முதலிடம். பி. புல்லையா இயக்கம், பெண்டியாலா நாகேஸ்வர ராவ் இசை. தமிழில் 'கலைவாணன்' என்று வந்தது. ராம் ஜோஷி என்ற மராத்திக் கவியைப் பற்றிய 'லோக்ஷாஹிர் ராம் ஜோஷி' படம்தான் இதற்கு மூலம்.

காசிநாத் என்ற பிராமணப் பையன் (ஏ.என்.ஆர்.) குருகுலத்தில் சாஸ்திரீய சங்கீதம் படிப்பவன். குரு, நாகய்யா. மண்டபத்தில் ஆடிப் பாடும் ஊர்சுற்றிக் கலைஞர்களின் கூட்டத்தைச் சேர்ந்த மஞ்சுளவாணி (அஞ்சலிதேவி) பாட்டில் இவனுக்குச் சமமாக நிற்கிறாள். அவளை மணக்கிறான். ஜாதி தள்ளி வைக்கிறது. வித்வான்களின் சங்கீதத்தைத் தெருவில் இருக்கும் ஜனங்களிடம் கொண்டுபோகிறான். புகழ் வருகிறது. அரசவை கூப்பிடுகிறது. அங்கே ராஜநர்த்தகியாக ராஜசுலோசனா. அப்புறம் குடி. அப்புறம் சரிவு.

ஆரம்பத்தில் வரும் 'மதி சாரதா தேவி மந்திரமே' என்ற கல்யாணி ராகப் பாட்டை கண்டசாலா, பி.பி. ஸ்ரீனிவாஸ், ரகுநாத் பாணிக்ரகி மூவரும் பாடியிருக்கிறார்கள். மூன்று பேரின் கல்யாணியும் மூன்று விதமாக இருக்கும். ஸ்வரக் கோவைகளில் ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் எடுக்கும்போது, குருகுலத்துத் திண்ணையில் நாமும் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். பாட்டுக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் உள்ள வீடென்றால் இந்த ஐந்து நிமிடத்துக்காகவே படத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

அரசவையில் பாடும் 'ரசிகராஜ தகுவாரமு காமா' அதற்கும் மேலே. அரசன் பெயர் விஜயானந்த ராமகஜபதி, அதுவும் ரங்காராவ்தான். அந்தப் பெயரை வைத்தே 'விஜயானந்த சந்திரிகா' என்று ஒரு புது ராகத்தைப் பெண்டியாலா இந்தப் பாட்டுக்காக உருவாக்கினார். வரி என்னவோ காதலி காதலனிடம் கேட்பது போலத்தான்: ரசிகராஜா, உனக்குத் தகுந்தவர்கள் இல்லையா நாங்கள்? ஆனால் ஜாதியை விட்டுத் தள்ளப்பட்ட ஒருவன் ராஜசபையில் நின்று இதைப் பாடும்போது, கேள்வி சபைக்கே போகிறது. அரசன் தலையசைக்கிறான். அந்தத் தலையசைப்புக்காகத்தான் காசிநாத் வந்தான். அங்கேதான் அவன் விழவும் ஆரம்பிக்கிறான். மல்லாதி ராமகிருஷ்ண சாஸ்திரி எழுதிய பாட்டு அது. தெலுங்கு தெரிந்தவர்களுக்கு விருந்து.

இதே படத்தில் 'நந்துனி சரிதமு வினுமா' என்று நம் நந்தனாரின் கதையைப் பாட்டாகப் பாடுவார்கள். திருநாளைப்போவாரைத் தெலுங்குத் தெருவில் கண்டசாலா குரலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தில்லைக்கு வெளியே நின்றவரின் கதையை, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட இன்னொருவன் பாடுகிறான்.

இத்தனை இருந்தும் ஏன் இதை எடுக்கவில்லை? இரண்டாம் பாதி. குடித்துக் கெட்டுப்போகும் கணவன், பொறுத்துக்கொண்டு பின்னால் அலையும் மனைவி என்ற தடத்தில் படம் நெடுந்தூரம் போகிறது. ஆரம்பத்தில் அவனுக்குச் சமமாகப் பாடிய பெண் பிற்பாதியில் அழுகிறவளாக மட்டும் ஆகிவிடுகிறாள். என் மகள் கண்டிப்பாக "ஏன்ப்பா அவங்க பாடவே மாட்டேங்குறாங்க?" என்று கேட்பாள். எனக்கும் அதே கேள்வி இருக்கிறது. இந்தப் படம் கலைஞனின் வீழ்ச்சியையும் மீட்சியையும் சொல்வது. காதல் அதில் ஒரு பகுதி.

இனி 'மல்லீஸ்வரி'.

பி.என். ரெட்டி இயக்கி வாகினி தயாரித்த படம். 1951 டிசம்பரில் வந்தது. தாதாசாகேப் பால்கே விருதை 1974-ஆம் ஆண்டுக்குப் பெற்ற பி.என். ரெட்டிதான் தென்னிந்தியாவிலிருந்து அந்த விருதைப் பெற்ற முதல் ஆள். வசனமும் பாட்டும் தேவுலபல்லி கிருஷ்ணசாஸ்திரி, சினிமாவுக்கு அவர் எழுதியது இதுதான் முதல் தடவை. இசை சாலூரி ராஜேஸ்வர ராவ். மல்லியாக பானுமதி, நாகராஜுவாக என்.டி.ஆர். இருவருக்கும் இருபதுகளின் பின்பாதி வயது. கலை ஏ.கே. சேகர். விஜயநகரத்தின் மாடங்களும் துங்கபத்திரைக் கரையும் வடபழனியில், இன்று மாலும் ஆஸ்பத்திரியும் நிற்கிற அந்த வாகினி வளாகத்தில் எழுந்தவை என்று சொன்னபோது தங்கை மகன் நம்பவில்லை.

கதை கிருஷ்ணதேவராயர் காலத்தில் நடக்கிறது, 1509 முதல் 1529 வரை ஆண்டவர். மல்லியும் நாகராஜுவும் வீராபுரம் என்ற கிராமத்து முறைப்பெண்ணும் முறைப்பையனும். அவன் சிற்பி, ஏழை. இவள் அம்மாவுக்கு அந்த ஏழ்மை பிடிக்கவில்லை. இவ்வளவுதான். தேவலோகம் இல்லை, சாபம் இல்லை, வில்லன் இல்லை. இந்த ஐந்து படங்களிலும் வில்லனே இல்லாத படம் இது ஒன்றுதான்.

இரண்டு பேரும் வண்டியில் ஊர் திரும்புகிறார்கள். மழை பிடித்துக்கொள்கிறது. மாடுகள் ஓட, 'பருகுலு தீயாலி' என்று பாட்டும் ஓடுகிறது. பழைய மண்டபம் ஒன்றில் ஒதுங்குகிறார்கள். அங்கே யாருமில்லை என்ற தைரியத்தில் மல்லி ஜாவளி ஒன்றை, அதாவது ஆட்டத்துக்கான காதல் பாட்டு ஒன்றைப் பாடி ஆடுகிறாள், 'பிலசின பிகுவடரா'. ஆனால் அதே மழைக்கு இன்னும் இரண்டு பேர் அங்கே ஒதுங்கியிருக்கிறார்கள். மாறுவேடத்தில் ராயர். கூட அவருடைய ஆஸ்தான கவி அல்லசானி பெத்தனா. ஆட்டத்தைப் பார்த்துப் பாராட்டுகிறார்கள். யாரென்று தெரியாத நாகராஜு பெருமை தாங்காமல் விளையாட்டாக ஒரு வார்த்தை சொல்கிறான்: ராயரிடம் சொல்லி எங்கள் மல்லிக்குப் பல்லக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த வார்த்தை மேல்தான் மொத்தப் படமும் நிற்கிறது. பல்லக்கு வருகிறது. அவளை ராணிவாசத்துக்குக் கொண்டுபோகிறது. உள்ளே போன பெண் வெளியே வர முடியாது, ஆண் யாரையும் பார்க்கவும் முடியாது. கல்யாணத்துக்காகப் பணம் சம்பாதிக்கப் போன நாகராஜு, சம்பாதித்துக்கொண்டு திரும்பும்போது அவள் இல்லை. யாரைக் குற்றம் சொல்வது? ராயர் கெட்டவர் இல்லை. கேட்டதைக் கொடுத்த ரசிகர். கேட்டது காதலனே.

பல்லக்கை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பெத்தனாவுக்கும் பல்லக்குக்கும் ஒரு பழைய கதை உண்டு. அவர் தம் 'மனு சரித்திர'க் காவியத்தை ராயருக்குப் படைத்தபோது, அவரைப் பல்லக்கில் ஏற்றி ராயரே தம் கையால் தூக்கினார் என்று பெத்தனா பெயரில் வழங்கும் பாட்டொன்று சொல்கிறது. தெலுங்கு வீடுகளில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. கவிஞனுக்கு மரியாதையாக வந்த அதே பல்லக்கு, ஒரு கிராமத்துப் பெண்ணிடம் வரும்போது சிறையாகிறது. அந்தக் கவிஞரும் அந்த மண்டபத்தில் நின்று பார்க்கிறார். படத்தில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்கு அத்தைதான் சொன்னார், சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே. அதைக் கேட்ட பிறகு மண்டபக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். பெத்தனாவாக வரும் நியாயபதி ராகவராவின் முகத்தை இந்தத் தடவை வேறு விதமாகப் பார்த்தேன்.

நமக்கு அந்த ராயர் யார்? ஆண்டாளின் கதையை 'ஆமுக்தமால்யதா' என்று தெலுங்கில் பாடியவர். வில்லிபுத்தூர்ப் பெண்ணின் காதலைக் காவியமாக்கிய அரசன், இந்தப் படத்தில் வீராபுரத்துப் பெண்ணின் காதலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டும் பார்க்கத் தவறுகிறான். படத்தின் கருவுக்கு உதவிய, தெலுங்கு எழுத்தாளர் புச்சிபாபுவின் நாடகத்தின் பெயர் 'ராயலவாரி கருணாக்ருத்யமு', ராயரின் கருணைச் செயல். ஆக முடிவு எந்தப் பக்கம் போகும் என்று தெலுங்கு ரசிகர்கள் ஊகித்துவிடலாம். பிறந்தநாளுக்குப் போடலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

பாட்டுக்கு வருகிறேன். 'ஆகாச வீதிலோ' என்று ஆரம்பிக்கும் பாட்டு. அரண்மனைக்குள் அவள், வெளியே எங்கோ அவன். இரண்டு பேரும் ஒரே மேகத்தைப் பார்க்கிறார்கள். ஊரெல்லாம் சுற்றிப் பார்க்கிறாயே, என் பாவா எங்கே என்று பார்த்துச் சொல்லேன் என்று அவள் கேட்கிறாள். பாவா என்றால் நம் அத்தான். 'மேகதூத'த்தில் காளிதாசன் யட்சனுக்குத் தூதாகக் கொடுத்த மேகத்தை கிருஷ்ணசாஸ்திரி ஒரு கிராமத்து முறைப்பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார். பானுமதியும் கண்டசாலாவும் பாடும்போது ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்காது, நமக்கு மட்டும்தான் இரண்டும் கேட்கிறது. டூயட் என்ற பெயரில் எத்தனையோ கேட்டிருக்கிறோம், இப்படித் தனித்தனியாக இரண்டு பேர் பாடும் டூயட்டில் இருக்கும் ஏக்கம் வேறு.

அப்புறம் அந்த 'மனசுன மல்லெல மாலலூகெனே'. ரொம்ப நாள் கழித்து அவன் வந்துவிட்டான் என்று தெரிந்த ராத்திரி. மனசில் மல்லிகைச் சரங்கள் ஊஞ்சலாடுகின்றன, கண்ணில் நிலா ஊஞ்சலாடுகிறது என்பதுதான் அர்த்தம். பானுமதி எவ்வளவு பெரிய பாடகி, நினைத்திருந்தால் எங்கேயோ போயிருக்கலாம். இந்தப் பாட்டில் ஒரு இடத்தில்கூடக் குரலை உயர்த்திக் காட்டவில்லை. பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள், எழுந்துவிடக் கூடாது என்பது போலப் பாடுகிறார். நடிப்பவரே பாடுவதால் மூச்சும் முகமும் ஒன்றாக இருக்கின்றன. கண்ணை மூடித் திறக்கும் நேரத்துக்குக் குரல் நிற்கிறது, அடுத்த சொல் வருகிறது. மற்ற நான்கு படங்களிலும் இந்த ஒற்றுமை கிடைக்காது, அங்கே முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது.

தெலுங்கு தெரியாதவர்களுக்குப் புரியுமா என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் நன்றாகக் கிடைத்தது. கிருஷ்ணசாஸ்திரியின் வசனம் அரண்மனைத் தெலுங்கு இல்லை, வீட்டுத் தெலுங்கு. அத்தானைக் குரங்கு என்று கேலி செய்யும் 'கோதி பாவாகு பெள்ளண்டா' பாட்டு என் மகளுக்கு ஒரு தடவை கேட்டதுமே பிடித்துவிட்டது. அர்த்தம் கேட்டாள், சொன்னேன், இப்போது அவள் என் தங்கை மகனைப் பார்த்துப் பாடுகிறாள். இந்தப் படம் 1953-இல் சீன மொழி சப்டைட்டிலோடு சீனாவிலேயே ஓடியிருக்கிறது. அங்கே புரிந்த கதை வடபழனிக்குப் பக்கத்தில் புரியாமலா போகும்?

குறைகளும் உண்டு. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். அரண்மனைக்குள் நடக்கும் உஷா பரிணயம் யட்சகானம் (பாட்டும் ஆட்டமுமான கூத்து), அந்தக் கலை வடிவம் பழகாதவர்களுக்கு நீளமாகத் தெரியலாம். கிராமத்தை விட்டு விஜயநகரம் போனதும் வேகம் குறைகிறது. இதே வருடம் மார்ச்சில் வந்த 'பாதாள பைரவி'யில் என்.டி.ஆர். அரண்மனைக்குள் குதித்து ஏறி இளவரசியைப் பிடித்தார், அந்த வேகத்தை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இங்கே அதே என்.டி.ஆர். கல்லில் அவள் முகத்தைச் செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் பேசுவதே இல்லை. அவர் நடித்ததிலேயே எனக்குப் பிடித்த வேடம் இது. ஐந்து வருடம் கழித்து 'தெனாலி ராமகிருஷ்ணா'வில் அவரே கிருஷ்ணதேவராயராக வந்தார், அதிலும் அந்த அவையில் ஆடியவர் பானுமதிதான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் சிற்பியே அரசனாகி அரியணையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

ஆக என் முடிவு 'மல்லீஸ்வரி'. உங்கள் வீட்டில் நிலைமை வேறாக இருந்தால் முடிவும் வேறாகலாம். பத்து வயதுக்குக் கீழே நாலைந்து பிள்ளைகள் என்றால் 'ஜகதேகவீருனி கதா'. பாட்டு வாத்தியாரையோ, பாட்டுக் கற்பவர்களையோ கூப்பிடுவதாக இருந்தால் தயங்காமல் 'ஜெயபேரி'. தெலுங்கே வேண்டாம் என்பவர்களோடு என்றால் 'மணாளனே மங்கையின் பாக்கியம்', அதன் பாட்டுகள் எந்த வீட்டையும் கட்டிப்போடும்.

போடுவதற்கு முன்னால் பிரதியை முழுக்க ஓட்டிப் பாருங்கள். நான் முதலில் பார்த்த ஒரு பிரதியில் நேரத்தைக் குறைக்க மேகப் பாட்டையே வெட்டியிருந்தார்கள். அந்தப் பாட்டு இல்லாமல் இந்தப் படத்தைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. சப்டைட்டில் உள்ள பிரதியாகத் தேடுங்கள், அதில் பாட்டு வரிகளுக்கும் மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வசனத்துக்கு மட்டும் இருந்தால் பாதிப் படம் போய்விடும்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு ஆரம்பிக்கிறோம். பல்லக்கு வீராபுரத்தை விட்டுப் புறப்படும் இடத்தில் நிறுத்தி காபி. பெத்தனா பல்லக்குக் கதையை அத்தை அப்போது எல்லாருக்கும் சொல்கிறேன் என்றிருக்கிறார். படத்தின் பெயரைச் சொன்னதும் அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய், மூடிய உதட்டுக்குள் 'மனசுன மல்லெல' முனகத் தொடங்கிவிட்டார்.